நீலத் தாளில் பனி

ஓகஸ்ட் பிறந்தால் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் சோற்றுக் கோப்பை வைக்க இடம் இராது. செப்டெம்பரில் தொடங்கும் பாட்டு ஆண்டுக்கு எட்டு அல்லது ஒன்பது பாட்டுகள் வேண்டும். அதற்காக நூறு, நூற்றிருபது இசைத்தாள்களைப் பரப்பி வைத்து, ஒவ்வொன்றாகச் சின்னக் கீபோட்டில் வாசித்து, மூன்று குரலையும் நானே மாறி மாறிப் பாடிப் பார்ப்பேன். இரவு பதினொரு மணியானாலும் முடியாது. வீட்டில் உள்ளவர்கள் கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போய்விடுவார்கள். ஆண்டிலேயே எனக்கு மிகப் பிடித்த மாதம் அது.

ரொறொன்ரோவின் கிழக்குப் பக்கம், ஸ்காபரோவில், ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் கூடும் பாடகர் குழு எங்களுடையது. ஒன்பது வயது முதல் பதினாறு வயது வரையான 34 பெண்பிள்ளைகள். பாதிப் பேர் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் பிள்ளைகள். மற்றவர்கள் சீன, ஜமெய்க்கா, பிலிப்பைன்ஸ் வீடுகளிலிருந்து வந்தார்கள். இந்த மாதிரிக் குழுவை ட்ரெபிள் குவயர் என்பார்கள். குரல் உடையாத ஆண்பிள்ளைகளும் இதில் சேரலாம். முதல் சொப்ரானோ, இரண்டாம் சொப்ரானோ, அல்ரோ என்று மூன்று பிரிவு. மூன்றும் பக்கத்துப் பக்கத்து வீடுகள் போல ஒட்டி நிற்பவை. கீழே தாங்கிப் பிடிக்க ஆண்களின் தடித்த குரல் கிடையாது. அதைத் தெரிந்து எழுதுகிறவர்கள் குரல்களை ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வெளிவர விடுவார்கள். தெரியாதவர்கள், நான்கு குரலுக்கு எழுதிய பாட்டில் கீழ்க்குரலை வெட்டிவிட்டு மிச்சத்தை மூன்று குரல் பாட்டு என்று அச்சடித்துவிடுவார்கள். முதல் பக்கத்தை வாசித்ததுமே இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும்.

தொடக்க ஆண்டுகளில் நான் தெரிவு செய்த பாட்டுகளை இப்போது நினைத்தால் மனம் நோகிறது. வண்ணத்துப்பூச்சி, நட்சத்திரம், கனவு, கைகோத்தால் உலகம் மாறும் என்ற நம்பிக்கை. கடைசிச் சரணத்தில் சுருதியை அரைச்சுரம் ஏற்றி, உச்சத்தில் நிறுத்தி, கைதட்டலுக்கு இடம் விட்டு முடியும் பாட்டுகள். பிள்ளைகள் பிசகில்லாமல் பாடினார்கள். ஆனால் பதினாலு வயதுக்காரிகளின் முகத்தைப் பார்த்தால் பேருந்துக்குக் காத்து நிற்பவர்களின் முகம் போல இருக்கும். ஒரு போட்டியில் நடுவராக இருந்தவர், பிள்ளைகள் இன்னும் சிரித்தபடி பாட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். நானும் அடுத்த கிழமை அவர்களுக்குச் சிரிக்கப் பழக்கினேன். சொல் இனிமையாகவோ சோகமாகவோ இருந்தால் உணர்ச்சி தானாக வந்துவிடும் என்றுதான் அந்த நாட்களில் நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கையை உடைத்தவள் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை. இரண்டாம் சொப்ரானோவில் மணி போலப் பாடிக்கொண்டிருந்தவளின் குரல், ஒரு கோடை விடுமுறைக்குள் காற்றும் குரலுமாகிவிட்டது. ஒத்திகை முடிந்ததும் வந்து நின்றாள்.

"ரீச்சர், என்ர குரல் பழுதாப் போச்சு. நான் நிக்கட்டே?"

பழுதாகவில்லை. ஆண்பிள்ளைகளுக்குக் குரல் உடைவது எல்லாருக்கும் தெரியும். பெண்பிள்ளைகளின் குரலும் அந்த வயதில் மாறுகிறது. குரல்வளை வளரும்போது குரல்நாண்கள் கொஞ்சக் காலத்துக்கு முழுதாக மூடாமல் நிற்கும். அந்த இடைவெளியால் காற்றுக் கசியும். ஒன்றிரண்டு ஆண்டில் சரியாகிவிடும். ஆனால் அந்த ஒன்றிரண்டு ஆண்டில், மேல் சுரத்தில் மெல்லிய குரலில் நீட்டி நிற்கச் சொல்லும் ஒரு பாட்டை அவளிடம் கொடுத்தால், ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதாகிவிடும். நான் கொடுத்திருந்த பாட்டுகள் முக்காலும் அப்படிப்பட்டவை. அதை உணர்ந்த இரவில்தான் என் தெரிவு முறை மாறத் தொடங்கியது. பாட்டு அழகானதா என்று கேட்பதை இரண்டாம் இடத்துக்குத் தள்ளினேன். இந்தப் பிள்ளைகளின் குரல் இன்றைக்கு எப்படி இருக்கிறதோ, அந்தக் குரல் இந்தப் பாட்டுக்குத் தேவைப்படுகிறதா? அதை முதலில் கேட்டேன்.

பெஞ்சமின் பிரிட்டனின் 'ஏ செரிமனி ஒஃப் கரல்ஸ்' எங்களுக்கு நல்ல பள்ளிக்கூடமாக இருந்தது. போர் நடந்துகொண்டிருந்த 1942இல், அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பும் வழியில், ஒரு சுவீடன் நாட்டுச் சரக்குக் கப்பலில் இருந்தபடி அவர் எழுதத் தொடங்கியது. மேல் குரல்களும் ஒரு ஹார்ப்பும் மட்டும். அதில் ஒரு பாட்டில் முதலில் எல்லாரும் ஒரே குரலாகப் பாடுவார்கள். அடுத்த சரணத்தில் ஒரு பிரிவை இன்னொரு பிரிவு ஒரு தட்டு இடைவெளியில் துரத்தும். அதற்கடுத்து மூன்று பிரிவும் ஒன்றையொன்று துரத்தும். அப்போது சிரிக்கச் சொல்லத் தேவையே இருக்கவில்லை. பிடிபடாமல் ஓடுகிற பிள்ளையின் முகம் அவர்களுக்குத் தானாக வந்தது. ஆனாலும் எழுதி அரை நூற்றாண்டுக்கு மேலான பாட்டு. உயிரோடு இருக்கிற ஒருவர், இந்த நாட்டில், இந்தக் காலத்தில் எழுதியதும் வேண்டும் என்று மனம் கேட்டது.

அந்த வகையில் கனடா கொடுத்து வைத்த நாடு. ஜீன் அஷ்வேர்த் பார்ட்டில் 1978இல் ரொறொன்ரோ சில்ட்ரன்ஸ் கோரஸைத் தொடங்கினார். அந்தக் குழுவுக்குப் பியானோ வாசித்த ரூத் வொட்சன் ஹென்டர்சனே நல்ல இசையமைப்பாளர். பாடக்கூடிய குழு ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் எழுதுகிறவர்களும் துணிந்து எழுதுவார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருக்கும் ஸ்டீவன் ஹட்ஃபீல்டின் 'லாஸ் அமரியாஸ்' அப்படித்தான் என் மேசைக்கு வந்தது. மெக்சிக்கோவின் நாட்டுப்பாட்டுகளை வைத்து, கைதட்டலும் சேர்த்து, மேல் குரல்களுக்கு எழுதியது. தாளைப் பார்த்ததும் பயந்தேன். ஆறு எண்ணிக்கையை ஒரு குரல் மூன்று மூன்றாகப் பிரிக்க, இன்னொரு குரல் இரண்டு இரண்டாகப் பிரித்துக்கொண்டு அதன் மேல் ஓடியது. ஆங்கிலத்தில் எண்ணிக் காட்டிக் காட்டிக் களைத்துப்போனேன். பரதநாட்டியம் பழகும் ஒரு பிள்ளை எழும்பி, "ரீச்சர், அவை தகிட தகிட, நாங்கள் தக தக தக" என்றாள். ஐந்து நிமிடத்தில் 34 பேரும் பிடித்துவிட்டார்கள். சீனப் பிள்ளைகள் கடைசிவரைக்கும் அந்த இடத்தைத் தகிட என்றே சொன்னார்கள்.

இதைக் கேள்விப்பட்ட பெற்றோர், அப்படியானால் தமிழ்ப் பாட்டும் பாடலாமே என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. மோகனத்தில் அமைந்த ஒரு மெட்டை எடுத்து நானே மூன்று குரலுக்கு எழுதினேன். பிரிந்து போகாமல் சேர்ந்து நகரும் எளிய வழி என்று, மெட்டுக்குக் கீழே மூன்றாம் சுரத்தை ஒட்ட வைத்தேன். அதில்தான் பிழைத்தது. காந்தாரத்துக்குக் கீழே சட்ஜம் வந்தது, சரி. பஞ்சமத்துக்குக் கீழே காந்தாரம், அதுவும் சரி. ரிஷபத்துக்குக் கீழே நிஷாதம் வந்து நின்றது. தைவதத்துக்குக் கீழே மத்திமம். மோகனத்தில் இல்லாத இரண்டு சுரமும் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கீத வகுப்புக்குப் போகும் பிள்ளை ஒருத்தி, "இது மோகனம் இல்லை, ரீச்சர்" என்று மெதுவாகச் சொன்னாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது? அந்தத் தாள்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நம்முடைய பாட்டு என்பதற்காக அது நம்முடைய பிள்ளைகளின் வாயில் உயிர் பெற்றுவிடாது. வேறொரு கட்டுக்குள் அதைத் தள்ளும்போது அதன் எலும்பை முறிக்காமல் இருக்க வேண்டும். அந்தத் திறமை எனக்கு அப்போது இருக்கவில்லை.

அந்த ஓகஸ்டில், 1998இல், இசைத்தாள் விற்கும் கடை ஒன்றில் அடுக்கைக் கிளறிக்கொண்டிருந்தபோது ஒரு நீலத் தாள் கையில் பட்டது. கனடிய இசையமைப்பாளர் மரே ஷேஃபரின் 'ஸ்நோஃபோர்ம்ஸ்'. வெளிர்நீலப் பின்னணியில் வெள்ளை வெள்ளையாக மேடும் மடிப்புமாக வடிவங்கள். பனி குவிந்து கிடக்கும் வயலை உயரத்திலிருந்து பார்ப்பது போல. ஒன்ராறியோவில் தன் பண்ணை வீட்டு யன்னலால் தெரிந்த பனியை அவர் வரைந்திருக்கிறார். பிறகு அந்தப் படங்களின் மேல் இசைக்கான ஐந்து கோடுகளைப் போட்டு, பனியின் விளிம்பு கோட்டைத் தொடும் இடத்தைச் சுரமாக எடுத்திருக்கிறார். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததுக்குத் தாவக் கூடாது. பனிமேட்டில் வழுக்குவது போல வழுக்கிப் போக வேண்டும். பாடும் சொற்களோ இனுயிட் மக்கள் விதவிதமான பனிக்கு வைத்திருக்கும் பெயர்கள். கதை இல்லை, உவமை இல்லை. வெறும் பெயர்கள்.

கடையிலேயே நின்று மெல்லப் பாடிப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில் ஒன்று உறைத்தது. மூன்று ஆண்டுகளாக எங்கள் தமிழ்ப் பிள்ளைகளிடம் நான் சொல்லிக்கொண்டிருந்தது ஒரே சொல்தான்: "வழுக்காதேங்கோ!" சங்கீத வகுப்பில் ஐந்து கட்டையில், நெஞ்சுக் குரலில், சுரத்தை அசைத்தும் இழுத்தும் பழகிய பிள்ளைகள். அங்கே ஜாரு என்று பாராட்டப்படுவது என் மண்டபத்தில் குற்றமாக இருந்தது. நானும் அதை அவர்களிடமிருந்து உரித்தெடுத்துக்கொண்டே வந்திருந்தேன். இதோ ஒரு பாட்டு, அதையே கேட்கிறது. காற்றுக் கசியும் குரலையும் கேட்கிறது. பனியின் மேல் காற்றுப் போவது வேறு எந்தக் குரலில் வரும்?

குழுவின் கணக்கைப் பார்த்தவர்கள் ஒரு பிரதி வாங்கிப் படியெடுத்தால் போதும் என்றார்கள். பதிப்புரிமை உள்ள தாள், அப்படிச் செய்யக் கூடாது என்று சொல்லியும் கேட்கவில்லை. இயந்திரத்தில் வைத்து ஒரு பக்கத்தை எடுத்துக் கொண்டுவந்து காட்டினார்கள். வெளிர்நீலம் அந்த இயந்திரத்துக்குத் தெரியவே இல்லை. நீலம் போனதோடு வெள்ளையும் போய்விட்டது. எழுத்துகள் மட்டும் வெறுந்தாளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொங்கின. பனி முழுக்கக் காணாமல் போயிருந்தது. நான் ஒன்றும் பேசவில்லை. அடுத்த கிழமை 34 பிரதிகளுக்கும் காசு கிடைத்தது.

பிள்ளைகளுக்கு முதலில் பிடிக்கவில்லை. "இது பாட்டோ, படமோ?" என்றார்கள். "ஸ்நோவில என்ன இருக்கு? வெளியில வேணுமெண்ட அளவு கிடக்குதே" என்றாள் ஒருத்தி. மார்கழி வரைக்கும் இழுபட்டது.

பிறகு 1999 ஜனவரி வந்தது. அந்த மாதத்தை ரொறொன்ரோவில் இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஆண்டு பிறந்த கையோடு தொடங்கிய பனி, மாதம் முடிவதற்குள் ஒரு மீற்றருக்கு மேல் கொட்டியது. நகர முதல்வர் மெல் லாஸ்ட்மன் பனி அள்ள இராணுவத்தைக் கூப்பிட்டார். அந்தச் சனிக்கிழமைகளில் ஒன்றில் ஒத்திகைக்குப் பதினொரு பிள்ளைகள்தான் வந்தார்கள். கொண்டுவந்து விட்ட தாய்மார் சிலர் திரும்பிப் போகப் பயந்து, மண்டபத்தின் பின்வரிசையில் கோட்டோடு உட்கார்ந்துவிட்டார்கள்.

மூன்று குரலுக்கு ஆள் போதாது. பிள்ளைகளைப் படியேற்றிக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தினேன். தெருவில் வாகனம் இல்லை. ஆளுக்கு ஒரு சுரம் பாடச் சொன்னேன். பத்து வயதுக்காரி ஒருத்தி பாடிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"ரீச்சர், என்ர குரல் பக்கத்திலேயே விழுது."

உண்மைதான். புதுப் பனி பஞ்சு மாதிரி, சத்தத்தைக் குடித்துவிடும். சுவரில் பட்டுத் திரும்பி வரும் எதிரொலி இல்லை. மண்டபத்தில் பாடும்போது குரலைத் தூக்கிப் பிடித்த சுவர்கள் அங்கே கிடையாது. ஒவ்வொருத்தியும் தன் குரலைத் தானே ஏந்திக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. கீழே இறங்கி வந்து அந்தப் பாட்டை மறுபடி எடுத்தபோது அவர்கள் பாடியது வேறு மாதிரி இருந்தது. யாரும் யாரையும் முந்தவில்லை. ஒரு வழுக்கல் முடியும்வரை அடுத்தவள் பொறுத்திருந்து பிடித்தாள்.

பின்வரிசையிலிருந்து ஒரு தாய் கேட்டார்: "ரீச்சர், ஒரு பனிக்கு இவ்வளவு பேரோ?"

"உங்களுக்குப் பனைக்கு எத்தனை பேர் இருக்கெண்டு சொல்லுங்கோவன் பாப்பம்" என்றேன்.

அவர் யோசித்துக்கொண்டு, விரலை மடித்தபடி தொடங்கினார். வடலி. குருத்தோலை. சார்வோலை. காவோலை. பன்னாடை. கங்குமட்டை. பக்கத்தில் இருந்தவர் சேர்ந்துகொண்டார். நுங்கு, முத்தினால் சீக்காய், பழுத்தால் பனம்பழம், பிழிந்து காய வைத்தால் பனாட்டு. கொட்டையை முளைக்கப் போட்டு வெட்டினால் பூரான். கிழங்கு. பச்சையாகக் கீறிக் காய வைத்தால் ஒடியல், அவித்துக் காய வைத்தால் புழுக்கொடியல். கோட்டைக் கழற்றிவிட்டு எழும்பி வந்தே விட்டார்கள். ஒருவருக்குப் புழுக்கொடியல் என்று சொன்னதும் குரல் தழுதழுத்தது. பல ஆண்டுகளாகச் சொல்லாத சொல் என்றார்.

ஷேஃபரின் இன்னொரு பாட்டு உண்டு, 1968இல் எழுதியது. நிலவொளிக்கு ஒரு புதுச்சொல் கண்டுபிடியுங்கள் என்று பதினொரு வயதுப் பிள்ளைகளிடம் கேட்டு, அவர்கள் உண்டாக்கிக் கொடுத்த சொற்களைக் கொண்டே செய்த பாட்டு. அது நினைவு வர, பனைச் சொற்களைக் கரும்பலகையில் எழுதினேன். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கோடு வரையச் சொன்னேன். காவோலைக்கு ஒருத்தி வரைந்த கோடு உயரத்தில் தொடங்கி, ஆடி ஆடிக் கீழே இறங்கி, கடைசியில் சட்டென்று விழுந்தது. அதையே பாடினார்கள். புழுக்கொடியலின் ழகரத்தை மிகச் சுத்தமாகச் சொன்னவள் ஜமெய்க்கா வீட்டுப் பிள்ளை. இருபது நிமிடம் இருக்கும். பிறகு வீட்டில் உட்கார்ந்து அதை இசைத்தாளில் எழுத முயன்றேன். எழுத எழுத அது செத்துக்கொண்டே வந்தது. விட்டுவிட்டேன். மேடைக்கு அது ஏறவே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு, பனியில் என்ன இருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவர்கள் கேட்டது வேறொன்று. பெப்ரவரியில் ஒரு நாள், பன்னிரண்டு வயதுப் பிள்ளை கையை உயர்த்தினாள். "நாங்கள் தங்கட சொல்லைப் பாடுறம் எண்டு அந்த ஆக்களுக்குத் தெரியுமோ?" அந்த ஏப்ரல் முதலாம் திகதி இனுயிட் மக்களின் நிலமான நுனவூட் தனி ஆள்புலமாகப் போகிறது என்று பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்த நேரம். தெரியாது என்றுதான் அவளுக்குச் சொன்னேன். நிகழ்ச்சி நிரலில் அது யாருடைய மொழி, ஒவ்வொரு சொல்லும் எந்தப் பனியைக் குறிக்கிறது என்று அச்சடித்தோம். அது போதாது. அந்த மொழி பேசும் ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்து, பிள்ளைகளின் முன்னால் உட்காரவைத்து அந்தச் சொற்களைச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். புழுக்கொடியலுக்குக் குரல் தழுதழுத்த அந்தத் தாயைப் பார்த்த பிறகாவது எனக்கு அது தோன்றியிருக்க வேண்டும். அதன் பின், பேசுகிற ஒருவர் வந்து பிள்ளைகளோடு ஒரு பின்னேரமாவது இருக்காமல் எந்த மொழிப் பாட்டையும் நான் எடுத்ததில்லை. அதனால் நல்ல பாட்டுகள் சிலவற்றைக் கைவிடவும் நேர்ந்தது.

நிகழ்ச்சி ஏப்ரல் கடைசியில். வெளியே ஒரு துளி பனி இல்லை. மண்டபக் கதவுகளைத் திறந்து வைத்திருந்தோம். தொடக்கத் தொனியை ஒருத்தி தனியாகப் பிடிக்க வேண்டும். என்ர குரல் பழுதாப் போச்சு என்று ஒரு நாள் வந்து நின்ற பிள்ளையிடம் அதைக் கொடுத்திருந்தேன். பதினாலு வயது முடிகிற நேரம் அவளுக்கு. குரலில் இன்னும் காற்று இருந்தது. அவள் வாயைத் திறந்தபோது முதலில் வந்தது காற்று. அதற்குள்ளிருந்து சுரம் எப்போது வந்தது என்று சொல்ல முடியவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக அதன் மேல் வந்து படிந்தார்கள். முன்வரிசையில் நின்ற சின்னவர்களின் முகத்தில் சிரிப்பு இல்லை. அவர்கள் எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தாள்களைத் திருப்பி வாங்கும்போது பென்சில் குறிகளை அழித்துவிட்டுத் தர வேண்டும் என்பது எங்கள் குழுவின் வழக்கம். அழித்துத்தான் தந்திருந்தார்கள். பல மாதம் கழித்துப் பெட்டியை அடுக்கும்போது ஒன்றில் மட்டும் அழிக்காமல் விட்ட குறி ஒன்றைப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில், மேலிருந்து கீழே நீண்டு இறங்கும் வெள்ளை வடிவத்தின் ஓரமாக, சாய்ந்த தமிழ் எழுத்தில், காவோலை. யாருடைய பிரதி என்று தெரியவில்லை. அழிறப்பரைக் கையில் எடுத்தேன். பிறகு அப்படியே வைத்துப் பெட்டியை மூடினேன்.